மலைக்கு வேலைக்குப் போகும் மருமகளுக்கு

கண்ணு,

மாவட்ட மனநலத் திட்டத்தில் உனக்கு வேலை உத்தரவு வந்துவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலில் இடுக்கியில் தேவிகுளம் பக்கம் போடுவார்களாம், பிறகு பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தாலும் வருமாம். இரண்டும் உன் அத்தை நடந்து தேய்ந்த மண். இடுக்கியும் பாலக்காடும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள்தான். ஆனால் இரண்டுக்கும் கிழக்கே தமிழ்நாட்டு எல்லை. மூணாறு, வண்டிப்பெரியாறு, உடும்பன்சோலை, மறையூர், வட்டவடை என்று அந்தப் பக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், நெல்லியாம்பதி, அட்டப்பாடி என்று இந்தப் பக்கம். வீட்டில் தமிழோ பழங்குடி மொழியோ பேசிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் மலையாளத்துக்கு மாறுகிற சனங்கள்.

கேரளத்தில் இந்தத் திட்டம் 1999ல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, இன்று 14 மாவட்டங்களிலும் நடக்கிறது. டாக்டரும் நர்ஸும் குறித்த நாளில் வெளியூர் கிளினிக்குகளுக்குப் போகிறார்கள். மருந்தும் இலவசம். அப்படியிருந்தும் எத்தனையோ பேர் வந்து சேர்வதில்லை. 2015-16ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோயின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை இல்லாமலே இருக்கிறார்கள் என்றது. கேரளமும் அந்த 12ல் ஒன்று. மருந்துக்கும் மனிதருக்கும் நடுவே இருக்கிற அந்த இடத்தில்தான் உன்னை நிறுத்தப் போகிறார்கள். அங்கே நிற்பதற்கு என்ன வேண்டும் என்று கேட்டாயே, எழுதுகிறேன்.

1. தூரத்தைக் கூலியில் கணக்குப் போடு. ஆபீசில் காட்டுகிற வரைபடத்தில் எல்லா ஊரும் பக்கத்தில்தான் தெரியும். கொழுந்து பறிக்கிற பெண் கிளினிக்குக்கு வந்தால் அன்றைக்கு மஸ்டரில் அவள் பெயர் விழாது. அவள் கூலி போகும், துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும், ஜீப்புக்குக் காசு வேறு. மாத்திரை இலவசம், அதை வாங்க வருவது இலவசமில்லை. ஏலத்தோட்டத்தில் வேலை செய்த ஒரு தாய் தொடர்ந்து சில மாதம் மருந்து வாங்க வரவில்லை. அவள் சீட்டில் யாரோ ‘அக்கறையில்லை’ என்று எழுதி வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டால், பள்ளிக்கூடம் திறந்த மாதங்கள் அவை. மகளின் புத்தகத்துக்கும் சீருடைக்கும் ஒரு நாள் கூலியைக்கூட அவளால் விட முடியவில்லை. அவளைப்போல அக்கறையுள்ள பெண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் புதிதாக ஒருவரைப் பதிவு செய்யும்போது நோய் விவரத்துக்குக் கீழே அவருடைய பயணத்தையும் எழுது. எத்தனை மணிக்குக் கிளம்புவார், எந்த ஜீப், எவ்வளவு செலவு, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், இருட்டுவதற்குள் வீடு திரும்புவாரா? அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டு. நோய் கட்டுக்குள் இருக்கிறவருக்கு இரண்டு மாத மருந்தாகத் தர முடியுமா, சந்தை நாளில் கிளினிக் வைக்க முடியுமா என்று கேள். கேட்டால் நடக்கும் காரியங்கள் இவை. கேட்க ஆளில்லாமல்தான் கிடக்கின்றன.

2. சொன்ன நாளில் போ. இதைவிடப் பெரிய அறிவுரை என்னிடம் இல்லை. இடமலைக்குடி 2010ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. முதுவான் மக்களின் அந்தக் குடிகளுக்குப் பெட்டிமுடி வழியாகக் காட்டுக்குள் போகவேண்டும். மழை பிடித்தால் ஜீப் திணறும். அங்கே ஒரு முதியவர் என்னைப் பார்த்து, அம்மா, வருகிறவர்களை நாங்கள் எண்ணுவதில்லை, திரும்பி வருகிறவர்களைத்தான் எண்ணுவோம் என்றார். அவர் சொன்னதன் பொருளை எனக்குக் காட்டியது, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு மூத்தவராக இருந்த ஒரு நர்ஸம்மா. தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான ஒரு லயத்தில் பையன் ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமும் பேசாமல் கிடந்தான். வியாழக்கிழமை வருகிறேன் என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வந்தார். வியாழக்கிழமை ஹர்த்தால். பஸ் இல்லை, ஜீப் இல்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு தேயிலைக் காட்டுப் பாதையில் நடந்தே போனார். அன்றைக்கும் கதவு திறக்கவில்லை. அடுத்த வியாழனும் போனார். பிறகு ஒரு வியாழக்கிழமை அந்தப் பையன் வாசலில் உட்கார்ந்திருந்தான். மருந்து அதற்கப்புறம்தான் தொடங்கியது. உன்னால் போக முடியாத நாள் வரும். அப்போது முதல் நாளே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பு. காத்திருந்து ஏமாந்தவர் மறுபடி கதவைத் திறக்க வெகுகாலம் பிடிக்கும்.

3. உடம்பு சொல்வதைக் கேள். மனச்சோர்வு என்று உன்னிடம் யாரும் வந்து சொல்லமாட்டார்கள். தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, கைகால் ஓயுது என்பார்கள். ஊசி போட்டால் சரியாகும் என்று நம்பி வருவார்கள். அவர்களைத் திருத்தாதே. தலைவலியிலிருந்தே தொடங்கு, எப்போதிலிருந்து என்று கேள், அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்று மெல்லக் கேள். தேயிலைத் தோட்டத்தில் இன்னொரு வழி உண்டு. பறித்த கொழுந்தைத் தினமும் எடை போடுகிறார்கள் அல்லவா? நன்றாகப் பறித்துக்கொண்டிருந்த கை திடீரென்று பாதி எடைதான் கொண்டுவருகிறது என்றால், அந்தப் பெண்ணின் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். சோம்பேறி என்று ஏச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தி, பிள்ளை பெற்று இரண்டு மாதமே ஆனவள், பிள்ளையைத் தொடவே பயமாக இருக்கிறது என்று பக்கத்துச் செடியில் நின்ற தோழியிடம் முணுமுணுத்தாள். பேறு கால மனச்சோர்வு. அவளைக் கண்டுபிடித்தது எந்தக் கேள்வித்தாளும் அல்ல, கூடவே பறித்த தோழிகள். குடும்ப ஆரோக்கிய மையங்களில் இப்போது ‘ஆசுவாசம்’ கிளினிக் இருக்கிறது. மனச்சோர்வைக் கண்டறிய அங்குள்ள நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அங்கே கூட்டிப்போவது சுலபம், ஏனென்றால் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மருந்து வாங்குகிற அதே இடம். போகிறவளைப் பார்த்து யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள்.

4. லயத்துச் சுவர் மெல்லியது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். வாசலில் நின்றுகொண்டு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று ஒருநாளும் கேட்காதே. துறையின் பெயர் எழுதிய வண்டியை லயத்து முன்னால் நிறுத்தாதே. டீக்கடையில் யாராவது, இன்ன வீட்டுக்கு எதற்குப் போனீர்கள் என்று கேட்டால், எல்லா வீட்டுக்கும் போகிறோம் என்று சொல்லும்படி நிஜமாகவே எல்லா வீட்டுக்கும் போ. ஒரு பெண்ணின் கல்யாணம் உன் நாக்கில் இருக்கிறது என்பதை மறந்துவிடாதே.

5. எல்லைக்கோட்டின் இரண்டு பக்கத்தையும் உன் வேலையாக நினை. விடியுமுன் போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் குமுளியிலும் நின்று பார். தேனி மாவட்டத்திலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் ஏலத்தோட்டங்களுக்கு ஏறுவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். வீடு தமிழ்நாடு, வேலை கேரளம். வேலை செய்கிற நேரத்தில் தமிழ்நாட்டுக் கிளினிக்குக்குப் போக முடியாது, கேரளத்தில் கிளினிக் நடந்தால் ரேஷன் கார்டு தமிழ்நாட்டுடையது. இரண்டு அரசாங்கத்தின் பதிவேட்டிலும் விழாமல் போகிறவர்கள் இவர்கள்தான். நோய் முற்றினால் இடுக்கிப் பக்கத்துக் குடும்பங்கள் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கும் மதுரைக்கும் இறங்குகின்றன. கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் பொள்ளாச்சிக்கும், அட்டப்பாடியில் இருப்பவர்கள் ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூருக்கும் போகிறார்கள். போகட்டும், தடுக்காதே. ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடு. மருந்தின் பெயர், அளவு, எந்த வேளை, எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று தெளிவான எழுத்தில் எழுதி அவர்கள் கையிலேயே இருக்கச் செய். 2020ல் கொரோனாவுக்காக எல்லையை அடைத்தபோது, வழக்கமாக மலை இறங்கி மருந்து வாங்கியவர்கள் பாஸுக்குக் காத்திருந்தார்கள். மருந்தின் பெயர் தெரிந்த குடும்பங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிச் சமாளித்தன. வெள்ளை மாத்திரை, சின்ன மாத்திரை என்று மட்டும் தெரிந்தவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

டாக்டர் முன்னால் உட்காரும்போது, புரியாவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டுவது நம் சனங்களின் பழக்கம். வெளியே வந்ததும், டாக்டர் என்ன சொன்னார் என்று நீ அவர்கள் வாயால் சொல்லவைத்துக் கேள். ராத்திரி நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416க்கு அழைக்கச் சொல். டெலிமானஸ் என்ற அந்த இலவச உதவி எண் 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுக்க இருக்கிறது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்துக்குள் ‘திசா’ உதவி எண் 1056. இரண்டையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுது.

6. சாமியோடு சண்டைக்குப் போகாதே, சங்கிலியோடு சமாதானம் பேசாதே. கோடாங்கியிடம் போய்வந்தோம் என்று சொல்கிற தாயைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை அவள் அதை உன்னிடம் மறைப்பாள், அவ்வளவுதான். குணசீலத்துக்கும் சோட்டானிக்கரைக்கும் போகிறவர்கள் நம்பிக்கையைத் தேடிப் போகிறார்கள். போய் வாருங்கள், மாத்திரையையும் கொண்டுபோங்கள், சாமி கும்பிட்டுவிட்டு விழுங்குங்கள் என்று சொல். குறி சொல்கிற பெரியவர்களிடமும் பழகு. தூக்கமில்லாமல் அலைகிற ஒரு பையனுக்குத் திருநீறு போட்டுவிட்டு, இனி நீ அந்தம்மாவைப் போய்ப் பார் என்று என்னிடம் அனுப்பிய ஒரு பெரியவர் மறையூர்ப் பக்கம் இருந்தார். அவர் அனுப்பியவர்கள் ஒருவரும் பாதியில் நின்றதில்லை. ஆனால் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த நிமிடமே நீ கிளம்பவேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர். நம்மைப்போன்ற குடும்பங்கள் நல்லதென்று நம்பிக் கொண்டுபோய் விட்ட பிள்ளைகள். மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை முதலில் வீசாதே. கட்டியவர் பெரும்பாலும் தூக்கமிழந்து துவண்டுபோன ஒரு அப்பாவாக இருப்பார். அவருக்கு ஒரு ராத்திரி ஓய்வு கிடைக்க வழி செய், அன்றைக்கே டாக்டரை வரவழை, கட்டை உன் கண் முன்னால் அவிழ்க்கச் சொல்.

7. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று புதிதாக வருகிற எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்கிற ஆள் ஒருவர் வந்துவிட்டார் என்று நெஞ்சு இளகும். உண்டு என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாதே. வீட்டில் நம்பகமான ஒருவரை உட்காரவை, டாக்டரிடம் அன்றைக்கே பேசு, முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு நீயே கூட்டிப்போ. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று குடும்பம் மறைக்கப் பார்க்கும். அந்தப் பயத்தை நீதான் போக்கவேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்று அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309ஆம் பிரிவே இல்லை.

இன்னொன்று, உன் வேலைப் பட்டியலில் இருக்காது, ஆனாலும் செய். ஏலத்தோட்டமும் காய்கறித் தோட்டமும் இருக்கிற ஊர்களில் பூச்சிமருந்து எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார். அடுப்படி மூலையிலும் கட்டிலுக்கடியிலும் இருக்கும். சாகவேண்டும் என்ற வேகம் பலருக்கும் சிறிது நேரத்துக்குள் தணிந்துவிடுகிற வேகம். அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருந்தாலே ஓர் உயிர் தங்கும். இலங்கையைப் பார். 1995ல் அங்கே லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையில் மாண்டார்கள். 1984 முதலே கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்துகொண்டு வந்தார்கள், 1995ல் மிகக் கொடிய வகைகளை நிறுத்தினார்கள், 1998ல் எண்டோசல்பானையும் நிறுத்தினார்கள். பத்தே ஆண்டில் அந்த எண்ணிக்கை பாதியானது. அந்த மக்களின் துயரங்கள் பாதியாகவில்லை, போரும் நடந்துகொண்டுதான் இருந்தது. கேரள அரசும் 2011ல் பல கொடிய மருந்துகளைத் தடை செய்தது. 1986ல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூட்டுப் பெட்டிகள் கொண்ட பொது அறை கட்டி, விவசாயிகள் மருந்தை அங்கே வைக்கும்படி செய்து பார்த்தது. உன் ஊராட்சியில் அப்படி ஓர் அறைக்குப் பேசிப் பார். அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் பூட்டும் சாவியும் போதும். சாவி யாரிடம் என்று மட்டும் கேட்டு வை.

8. துக்கத்துக்கு நோயின் பெயர் சூட்டாதே. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. 70 பேர். பலருக்கும் பூர்வீகம் கயத்தாறுப் பக்கம், ஒருவருக்கொருவர் சொந்தக்காரர்கள். கரண்டும் இல்லை, போன் டவரும் இல்லை. வெளியே தெரியவே விடிந்துவிட்டது. அந்த மலைக்குத்தான் நீ போகிறாய். அங்கே தங்கையையும் அவள் பிள்ளைகளையும் ஒருசேர இழந்தவர்கள் அழுவதற்கு உன் அனுமதி வேண்டியதில்லை, மாத்திரையும் வேண்டியதில்லை. கூட உட்கார், பெயர்களைச் சொல்லச் சொல்லிக் கேள். எது துக்கம், எது அதைத் தாண்டியது என்று பார்க்கக் கண் பழகவேண்டும். வருடங்கள் போயும் ஒருவர் வேலைக்கு இறங்காமல், குளிக்காமல், பிள்ளைகளைக் கவனிக்காமல், ஏன் பிழைத்தேன் என்றே கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு டாக்டர் வேண்டும். ஆடி மழையில் தகரக் கூரை அதிரும்போது எந்தத் தோட்டத்திலும் பலர் படுக்கமாட்டார்கள், மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு விழித்திருப்பார்கள். வயநாட்டில் 2024 ஜூலை 30 நிலச்சரிவு நடந்த பிறகு இது இன்னும் கூடியிருக்கிறது. அவர்களுக்குப் பயம் வேண்டாம் என்று சொல்லாதே. அவர்கள் பயம் நியாயமானது. லயத்துக்கு மேலே இருக்கிற மண்ணைப் பற்றி ஊராட்சியிடம் கேட்பதும் மனநல வேலைதான்.

9. அலைகிறவரை ஊர் எப்படி நடத்துகிறது என்று பார். 2018 பிப்ரவரி 22 அன்று அட்டப்பாடி முக்காலியில், காட்டுக் குகையில் தனியே வாழ்ந்துவந்த, மனம் கலங்கியிருந்த ஒரு பழங்குடி இளைஞரை, கடையில் சாப்பாட்டுச் சாமான் திருடினார் என்று பிடித்துக் கைகளைக் கட்டி அடித்தார்கள். நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காட்டுச் சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது. பசியோடு இருந்த ஒருவருக்குச் சோறும் மருந்தும் போய்ச் சேர்ந்திருந்தால் அவருக்கு இன்று தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். இருளர், முடுகர், குறும்பர் வாழ்கிற அந்த ஊர்களுக்கு நீ போகும்போது ஊர்த் தலைவரான மூப்பனைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே நுழை. பழங்குடித் துறையின் எஸ்.டி. புரமோட்டரை உடன் வைத்துக்கொள். யார் அலைகிறார்கள், எங்கே படுக்கிறார்கள், யார் கையால் சோறு வாங்குகிறார்கள் என்று ஊருக்குத் தெரியும். அந்தச் சோறு போடுகிற கையைத் தேடிப்பிடி, மருந்து அந்தக் கை வழியாகப் போகட்டும். வெளியே கடைத்தெருவில் இருக்கிறவர்களிடமும் பேசு. இவர் இன்னார், இன்ன மருந்து சாப்பிடுகிறார், ஏதாவது எடுத்தால் எனக்குப் போன் போடுங்கள் என்று கடைக்காரரிடம் சொல்லிவைப்பது, இரகசியம் காப்பதற்கு நான் ஒப்புக்கொள்கிற ஒரே விதிவிலக்கு. அதுவும் அவர் வீட்டாரைக் கேட்டுவிட்டு.

அங்கே சாராயத்தைப் பற்றியும் எல்லோரும் பேசுவார்கள். குடிக்கிறவனுக்கு உபதேசம் செய்து நீ நேரத்தை வீணாக்காதே, அதை அவன் நூறு வாயால் கேட்டிருக்கிறான். தாய்க்குல சங்கத்துப் பெண்கள் சாராயத்தை எதிர்த்து நின்ற மலை அது. அவர்களிடம் போய் எந்த வீட்டில் அடி விழுகிறது, எந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டாள் என்று கேள். குடியை விட நினைக்கிறவனுக்குக் கோட்டத்தறை ஆஸ்பத்திரியைக் காட்டு. திடீரென்று நிறுத்தினால் உடம்பு நடுங்கும், வலிப்புக்கூட வரும், டாக்டர் பார்வையில்தான் நிறுத்தவேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்.

10. தனியாக எதையும் தூக்காதே. ஆஷா, அங்கன்வாடி டீச்சர், குடும்பஸ்ரீ அக்காமார், பாலியேட்டிவ் தொண்டர்கள் எல்லாம் உனக்கு முன்னாலேயே அங்கே இருக்கிறார்கள். அவர்கள் உனக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் என்ற நினைப்பு ஒரு கணம்கூட வரக்கூடாது. 2025 பிப்ரவரியில் ஆஷாக்கள் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன்னால் போய் உட்கார்ந்தபோது அவர்களின் மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். சொற்பக் காசுக்கு மலை ஏறுகிறவர்களிடம் இன்னொரு படிவத்தைக் கொடுப்பதற்கு முன்னால், அதை நீயே நிரப்ப முடியுமா என்று யோசி. கோழிக்கோட்டில் 2008ல் தொடங்கிய ‘எம்ஹாட்’ என்ற அறக்கட்டளை, உள்ளூர்ப் பாலியேட்டிவ் தொண்டர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஏழைகளுக்கு இலவச மனநலக் கிளினிக் நடத்துகிறது. டாக்டர் குறைவு, அக்கம்பக்கத்தார் அதிகம் என்கிற கணக்கைப் புரிந்துகொண்டவர்கள். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006ல் 14 பாட்டிமாரைப் பயிற்றுவித்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவர்களின் கஷ்டத்தைக் கேட்கிற வேலை. பத்து வருடம் கழித்து ஆராய்ந்து பார்த்ததில் அந்தப் பாட்டிகளிடம் பேசியவர்களின் மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. நம் லயங்களில் ரிட்டயர் ஆன பாட்டிமார் வாசலுக்கு வாசல் இருக்கிறார்கள். எல்லா வீட்டுச் சங்கதியும் தெரியும், பேசவும் தெரியும். வாயைக் கட்டிக்கொண்டு கேட்கமட்டும் அவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். அதை நீ கொடு.

11. நீயும் மனுஷிதான். நாள் முழுக்க மற்றவர்கள் அழுகையைக் கேட்டுவிட்டு வாடகை அறையில் தனியாக உட்காராதே. சாப்பாட்டை ஒத்திப்போடாதே. உன் குழுவில் உள்ள மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ வாரம் ஒருமுறை, எது உன்னைத் தூங்கவிடவில்லை என்று சொல். நாம் பார்த்துவந்த ஒருவர் இறந்துபோகும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு என்னைக் கூப்பிடு, எத்தனை மணியானாலும்.

12. வேலையில் சேர்ந்ததும் முதலில் புது நோயாளிகளைத் தேடிப் போகாதே. மூத்தவர்கள் தேடிப் போகத்தான் சொல்வார்கள், ஏனென்றால் மாத அறிக்கையில் புதுப் பதிவுகளின் எண்ணிக்கைதான் கண்ணுக்குத் தெரியும். நீ பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கு. ஒருமுறை இருமுறை வந்து மருந்து வாங்கிவிட்டுப் பிறகு வராமல் போனவர்களின் பெயர்களைத் தனியாக எழுது. தோட்டம் தோட்டமாக, குடி குடியாகப் பிரித்துக்கொள். சிலர் குணமானதாக நினைத்து நிறுத்தியிருப்பார்கள், சிலர் மாத்திரை தூக்கமாக வருகிறதென்று நிறுத்தியிருப்பார்கள், சிலருக்கு ஜீப் காசு இல்லை, சிலரைக் கூட்டிவந்த அம்மா இறந்திருப்பாள். போய்ச் சேரும்போது ஏன் வரவில்லை என்று கேட்காதே. வழி தெரியாமல் விசாரித்து வந்தேன், ஒரு டம்ளர் தண்ணி கொடுங்கள் என்று உட்கார். மழை தொடங்குவதற்குள் வட்டவடை, இடமலைக்குடிப் பெயர்களை முடித்துவிடு. ரப்பர் செருப்பு மலைக்கு ஆகாது, நல்ல பிடிமானமுள்ள ஷூவாக ஒன்று வாங்கிக்கொள். அட்டைக்கு உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து வைத்துக்கொள். பட்டியல் எழுதி முடித்ததும் எத்தனை பேர் என்று எனக்குப் போன் செய்து சொல்லு.

உன் அத்தை